வட்டியில்லாக் கடன் யாருக்கு?

ஆய்வேட்டின் மூன்றாவது இயலை எழுதிக்கொண்டிருந்தபோது என் பழைய லேப்டாப் செத்துப்போனது. புதியது 48,000 ரூபாய். மாதம் 8,000 வீதம் ஆறு மாதம் கட்டினால் போதும், ‘நோ காஸ்ட் ஈஎம்ஐ’ என்றது விளம்பரம். என்னிடம் கிரெடிட் கார்டு இல்லை. வயது முப்பத்திரண்டு; சம்பளச் சீட்டு என்ற ஒன்றை இதுவரை கையில் வாங்கியதில்லை. ஆய்வு உதவித்தொகையை வருமானமாக என் வங்கி ஏற்கவில்லை. கடைசியில் விடுதி நண்பனின் கார்டில் வாங்கினேன். அவன் அப்பா வங்கி அதிகாரி. கல்லூரியில் சேர்ந்த நாளிலேயே அவனுக்குக் கார்டு வந்துவிட்டது.

பில் வந்ததும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வங்கி 15 சதவீத வட்டி போட்டிருந்தது. ஆறு மாதத்துக்கு அது 2,032 ரூபாய். அந்தத் தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழித்திருந்தார். ஆக, வட்டி இருக்கிறது. எனக்குப் பதிலாக வேறொருவர் கட்டுகிறார், அவ்வளவுதான். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 366 ரூபாயை நான்தான் கட்டினேன். 199 ரூபாய் செயலாக்கக் கட்டணம், அதற்கும் வரி. மொத்தம் 600 ரூபாய். பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது, கட்டணம் என்ற பெயரில் வட்டியை ஒளித்து வாங்குகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டுச் சொன்ன விஷயம்தான் இது.

600 ரூபாய் போனதல்ல என் பிரச்சினை. நான் 48,000-ஐ மொத்தமாகக் கட்டியிருந்தால் அந்த 2,032 ரூபாய் தள்ளுபடி கிடைத்திருக்காது. கார்டு இருப்பவருக்குத்தான் அது. சீட்டுப் போட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கும் வீட்டு வேலைக்காரப் பெண் முழு விலை கட்ட வேண்டும்.

இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கொடுப்பார்கள். உரிய நாளுக்குள் திருப்பிக் கட்டினால் வட்டி கிடையாது, அரசே ஏற்றுக்கொள்ளும். நல்ல திட்டம். ஆனால் சிட்டா, அடங்கல் வேண்டும். காலனியில் எத்தனை பேரிடம் சிட்டா இருக்கும்? 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் ஒருவர் வட்டியில்லாமல் அந்தக் கடனை வாங்கி, அதே பணத்தை என் அப்பாவுக்கு மூன்று வட்டிக்கு விட்டார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். வருடத்துக்கு 36 சதவீதம். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அது. மாதம் பிறந்தால் அப்பா அவர் வீட்டு வாசலில் நிற்பார். திண்ணையில் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

என் நண்பன் என்னிடம் வட்டி வாங்கவில்லை. நல்லவன். ஆனால் உதவித்தொகை நான்கு மாதம் வரவில்லை. மூன்றாம் தவணைக்கு என்னிடம் பணமில்லை; அவனும் அந்த மாதம் மறந்துவிட்டான். தாமதக் கட்டணம் 600, அதற்கு ஜிஎஸ்டி 108, போதாததற்கு வட்டி. வட்டியில்லாக் கடன் ஒரு தவணை தவறினால் மாதம் மூன்றரை சதவீதத்துக்குப் போய்விடுகிறது. அப்பாவின் மூன்று வட்டியைவிட அதிகம்! பிறகு ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் “மச்சி, ஸ்டைபண்ட் வந்துச்சா?” என்பான். சாதாரணமாகத்தான் கேட்பான். எனக்கோ அந்த வாசல் ஞாபகம் வரும். ஒரு வாரம் மெஸ்ஸுக்கு நேரம் தப்பிப் போனேன்.

இதைப் படிக்கும் தோழர்களில் சிலர் நுகர்வு வெறி என்று ஆரம்பிப்பார்கள். தலித் பையன் கையில் நல்ல போன் இருந்தால் ‘ஸ்காலர்ஷிப் காசு’ என்று முணுமுணுக்கும் வகுப்பறையில்தான் நானும் படித்தேன். தவணையில் பொருள் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். யார் வாசலிலும் நிற்காமல், சாதி சொல்லாமல், விரல் நுனியில் கடன் கிடைப்பது என் அப்பாவுக்குக் கிடைக்காத சுதந்திரம். அது யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. பழைய கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாறு இருந்தால்தான் புதிய கடன் தருவார்கள். கந்துவட்டிக்காரரிடம் இருபது வருடம் ஒழுங்காகக் கட்டிய வரலாறு எந்த ஸ்கோரிலும் ஏறாது.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது ‘இலவசம் மக்களைச் சோம்பேறியாக்குகிறது’ என்று எத்தனை தலையங்கங்கள்! வசதியானவருக்குக் கடைக்காரர் வட்டி கட்டினால் அது ‘ஆஃபர்’. அதை இலவசம் என்று யாரும் சொல்வதில்லை.

கடன் பற்றி நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மொத்தமாகக் கட்டுபவருக்கும் அதே தள்ளுபடியைக் கொடுங்கள். நிலமில்லாத கூலிக்காரருக்கும் கூட்டுறவில் வட்டியில்லாக் கடன் கொடுங்கள். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையை மாதம் பிறந்தால் கணக்கில் போடுங்கள். இன்னும் இரண்டு தவணை இருக்கிறது. அடுத்தது ஐந்தாம் தேதி.