பனியாறு வெறும் பனியல்ல

பனியாறு என்றால் சுத்தமான தண்ணீர் உறைந்து கட்டியானது, அவ்வளவுதான் என்றே பலரும் சொல்கிறார்கள். பாடப்புத்தகப் படங்களின் வெள்ளையும் தண்ணீர் பாட்டில் விளம்பரங்களும் இதற்குத் துணை. கங்கோத்ரி பனியாறு முடியும் கோமுகத்தில் போய்ப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. பனியின் மேல் கல்லும் மண்ணும் குவிந்து கிடக்கின்றன. உருகிவரும் பாகீரதி கலங்கலாக ஓடுகிறது. பனியாறு நகரும்போது அரைத்துத் தள்ளிய பாறைமாவுதான் அந்தக் கலங்கல்.

சுத்தம் என்பதில் பாதி உண்மை உண்டு. நீர் உறையும்போது பனிப்படிகம் உப்பையும் அமிலத்தையும் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் தள்ளியது எங்கும் போய்விடுவதில்லை. படிகங்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் தங்கிவிடுகிறது. அங்கே உப்பு செறிவதால், சுழியம் பாகைக்குக் கீழேயும் நூலிழை நாளங்களில் நீர் உறையாமல் நிற்கிறது.

உள்ளே சிக்கியது அங்கேயே கிடக்கும் என்பதும் தவறு. 1966 ஜனவரியில் மோன் பிளாங்க் மலையில் மோதிய ஏர் இந்தியா விமானத்தின் தூதரகத் தபால் பை ஒன்று 2012-இல் அதே மலையின் பொசோன் பனியாற்றில் வெளிப்பட்டது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா இறந்த விமானம் அது. இடைப்பட்ட காலமெல்லாம் பனி அதைச் சுமந்துகொண்டே கீழே இறங்கியிருக்கிறது.

'கடுங்குளிர்ப் பனிக்குள் தண்ணீர் எப்படி இருக்கும்?' என்பார்கள். அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்றில் பனியின் வெப்பநிலை சுமார் -17 பாகை செல்சியஸ். அதற்குள்ளேயே உவர்நீர் நகர்வதை ரேடார் காட்டியது. அதன் முகப்பில் வழியும் சிவப்பு நீரைப் பாசி என்று முதலில் நினைத்தார்கள். நீரிலுள்ள இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறியதால் வந்த நிறம் அது.

இதெல்லாம் ஆய்வாளர் கவலை என்று ஒதுக்குபவர்கள் பிரான்சின் தேத் ரூஸ் பனியாற்றைப் பார்க்க வேண்டும். அது சிறிய பனியாறு. அதன் மேற்பகுதியில் உருகிய நீர் இறங்கும். கீழ்முனைப் பகுதியோ நிலத்தோடு உறைந்து அணைபோல அதை மறிக்கும். 1892 ஜூலையில் உள்ளே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்ததில், கீழே சேன் ஜெர்வேயில் ஏறக்குறைய 175 பேர் மாண்டனர். பின்னர் நீரை வடிக்கச் சுரங்கம் தோண்டினார்கள். அதிலிருந்து நீர் வரவில்லை என்பதால் ஆபத்து தீர்ந்தது என்ற எண்ணம் பரவியது. இனியும் அந்தச் சுரங்கத்தைப் பராமரிக்கத்தான் வேண்டுமா என்று தீர்மானிக்க ஆய்வு நடத்தியபோதுதான் வெளிவந்தது: பனிக்குள் சுமார் 55,000 கன மீட்டர் நீர். 2010-இல் துளையிட்டு, பம்பு வைத்து இறைத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் மறுபடி இறைக்க வேண்டியிருந்தது.