ஐந்து டிஃபெண்டர் என்றால் தற்காப்பு ஆட்டமா?

கால்பந்தில் அணி வரிசையைப் பின்களத்திலிருந்து முன்களம் நோக்கி எண்ணிச் சொல்வது வழக்கம். கோல் கீப்பர் கணக்கில் வரமாட்டார். 4-3-3 என்றால் நான்கு டிஃபெண்டர், மூன்று நடுக்கள வீரர், மூன்று முன்கள வீரர். பின்னால் ஐந்து பேரை நிறுத்திவிட்டால் அது டிராவுக்கு ஆடும் அணி, முன்னால் மூவர் நின்றால் துணிந்த அணி என்று ரசிகர்களும் வர்ணனையாளர்களும் உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். இது அடிப்படையிலேயே தவறு. ஆட்டத்தைப் பார்க்கும் கண்ணையே கெடுக்கிற தவறு.

2002 உலகக் கோப்பையில் பிரேசில் மூன்று மைய டிஃபெண்டர்களோடும், இரு ஓரங்களில் கஃபு, ராபர்ட்டோ கார்லோஸ் ஆகியோரோடும் ஆடியது. எண்ணிப் பார்த்தால் ஐவர். அந்த அணி ஏழு ஆட்டங்களையும் வென்று 18 கோல் அடித்தது. கோஸ்டாரிகாவுக்கு எதிராக அந்தரத்தில் பின்புறம் சாய்ந்து உதைத்துக் கோல் போட்ட எட்மில்சன், மூன்று மைய டிஃபெண்டர்களில் ஒருவர்!

2023-24 பருவத்தில் ஜெர்மன் லீக்கை 34 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் வென்ற பேயர் லெவர்குசனும் இதே வகைதான்; அடித்தவை 89 கோல். பந்து கையை விட்டுப் போனால் இரு ஓரங்களிலும் ஆடும் விங் பேக்குகளான கிரிமால்டோவும் ஃபிரிம்பாங்கும் இறங்கிவந்து பின்களத்தை ஐவராக்குவார்கள். பந்து கிடைத்ததும் இருவரும் ஏறிவிடுவார்கள், முன்வரிசை ஐவராகும். எதிரணியின் நான்கு டிஃபெண்டர்கள் மைதானத்தின் முழு அகலத்தில் ஐந்து பேரைக் காக்க வேண்டும். உள்ளே லெவர்குசனின் நடுக்கள வீரர் விர்ட்ஸை மறிக்க ஒருவர் நகர்ந்தால் ஓரத்தில் கிரிமால்டோவுக்கு ஆளில்லை. லீக்கில் மட்டும் அவர் 10 கோல் அடித்தார். ‘டிஃபெண்டர்’ என்ற பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்து எண்ணுவதில் என்ன பொருள் இருக்கிறது?

எதிர்ப்புறச் சான்றும் உண்டு. 2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், பார்சிலோனா மைதானத்தில், இன்டர் மிலானின் தியாகோ மோட்டா முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அணித்தாளில் முன்கள வீரரான சாமுவேல் எட்டோ அதன்பின் தம் பெனால்டி பகுதியின் ஓரத்தில் ஃபுல் பேக் எனும் ஓர டிஃபெண்டராகவே நின்று, பந்து வரும் வழிகளை அடைத்துக்கொண்டிருந்தார். உலகின் தலைசிறந்த ஸ்டிரைக்கர்களில் ஒருவர் அணியில் இருந்தும், அன்று நடந்தது அப்பட்டமான தற்காப்பு ஆட்டம். அந்த ஆட்டத்தில் 1-0 எனத் தோற்ற இன்டர், இரு ஆட்டங்களையும் சேர்த்து 3-2 என முன்னேறி, இறுதியில் பேயர்ன் மியூனிக்கை 2-0 என வென்றது.