புலியாட்டத்துக்குக் கைத்தட்டல், வால் வைத்தால் கேலியா?

'ஃபர்ரி' என்ற சொல்லை நம் மாணவர்களில் பலர் கைப்பேசியில்தான் முதன்முதலில் பார்த்திருப்பார்கள். அதுவும் பெரும்பாலும் ஒரு கேலிக் காணொளியாக. நரியைப் போலவோ ஓநாயைப் போலவோ உடையணிந்த ஒருவர் பேரங்காடியில் நடந்து போவார். பார்த்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த காணொளிக்குத் தாவியிருப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஏனென்றால் அப்படிப்பட்டவர்கள் கூடும் மாநாட்டுக்கு, கேமரன் மலை கியா பார்மிலிருந்து பேருந்து பிடித்துப் போய்வந்தவள் நான்.

முதலில் பெயர் விளக்கம். மனிதரைப் போல் பேசி, நடந்து, சிந்திக்கும் விலங்குக் கதாபாத்திரங்களை விரும்புகிறவர்தான் ஃபர்ரி. தமிழ்ப்பள்ளியில் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயலின் கதையைக் கேட்காதவர் நம்மில் யார்? அந்த முயலை இருபது வயதிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தனக்கென ஒரு விலங்குப் பாத்திரத்தை உருவாக்குகிறார். சிலர் அதை வரைகிறார்கள், சிலர் கதை எழுதுகிறார்கள், சிலர் உடையாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். முழு உடை வைத்திருப்பவர்கள் சிறுபான்மையினர்தான். தன்னை உண்மையிலேயே விலங்கு என்று நம்புவது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிக் கேலி பிறக்கிறது.

இதற்கென்றே நடந்த முதல் மாநாடு 1989இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கூடியது. வந்தவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர். 1997இல் தொடங்கிய ஆந்த்ரோகான் 2006 முதல் பிட்ஸ்பர்க் நகரில் நடக்கிறது. 2024இல் அங்கே திரண்டவர்கள் 17,000 பேருக்கும் மேல். ஜப்பானில் தொயொஹாஷி நகரில் ஜனவரி மாதம் ஒன்று நடக்கிறது. நம் நாட்டிலும் ஃபியூரம் என்ற பெயரில் ஒன்று உண்டு. பள்ளி விடுமுறைகளில் கியா பார்ம் சந்தையில் சோளம் அவித்து விற்றுச் சேர்த்த காசில் தலைநகர்ப் பக்கம் இறங்கி அங்கேதான் போனேன்.

நான் போகப்போவது தெரிந்ததும், வீட்டுக்கு வந்திருந்த மாமா கேட்டார்: "ஏம்மா, மனுசனா பொறக்கறதே பெரிய புண்ணியம்னு சொல்றாங்க. நீ என்னடான்னா திரும்பவும் மிருகமாப் போறேங்கறியே?"

கேள்வி நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். ஆனால் இதே மாமா, சீனப் புத்தாண்டுக்குப் பிரிஞ்சாங்கில் சிங்க நடனம் வந்தால் பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்வரிசையில் நிற்பவர். அந்தச் சிங்கத்துக்குள்ளே இருப்பதும் இரண்டு மனிதர்கள்தான். கண் சிமிட்டுகிறது, காது ஆட்டுகிறது, குழந்தையின் முகத்தருகே வந்து வாயைத் திறக்கிறது. அங்கே யாரும் "இவர்கள் ஏன் மிருகமாகப் போகிறார்கள்" என்று கேட்பதில்லை.

நம் பக்கமும் வருவோம். புலியாட்டம், மயிலாட்டம், கரடியாட்டம், பொய்க்கால் குதிரை என்று தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கலைகளில் விலங்காகவும் பறவையாகவும் ஆடாத ஊர் குறைவு. கேரளத்தில் திருச்சூர் புலிக்களி இன்னும் ஒரு படி மேல். ஓணத்தையொட்டி நூற்றுக்கணக்கான ஆண்கள் உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசிக்கொண்டு, தொப்பையில் புலி முகம் வரைந்துகொண்டு, நகரின் நடுவே ஆடுகிறார்கள். வண்ணம் பூசவே பல மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். 2016இல்தான் முதன்முறையாகப் பெண்களும் அதில் புலியாக இறங்கினார்கள். அதைச் செய்தித்தாள்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான்.

ஆக, மனிதன் விலங்கு வேடம் போடுவதில் நமக்கு ஒரு சிக்கலும் இல்லை. அதற்கு ஒரு சாமியோ, ஒரு திருநாளோ, ஒரு கோப்பையோ துணைக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். எதுவும் இல்லாமல், 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் வால் மாட்டினால் நமக்குக் கை கால் ஓடுவதில்லை.

சிங்க நடனமும் இந்த நாட்டில் எப்போதும் இப்படிக் கைத்தட்டல் வாங்கியதில்லை. 1970களின் இறுதியில் உள்துறை அமைச்சராக இருந்த கசாலி ஷாஃபி, சிங்கத்தைப் புலியாக மாற்றிப் புல்லாங்குழல், தப்லா போன்ற கருவிகளோடு ஆடினால் தேசியப் பண்பாட்டில் ஏற்கலாம் என்ற பொருளில் பேசியது அந்தக் காலத்தில் பெரிய சர்ச்சை. இன்றோ, மூவாரிலிருந்து கிளம்பிய குன் செங் கெங் குழு உயரக் கம்பங்களின் மேல் தாவி உலகப் பட்டங்களைப் பலமுறை வென்றுவிட்டது. கெந்திங்கில் 1994 முதல் உலகப் போட்டியே நடக்கிறது. சிங்கத் தலையைத் தூக்கும் குழுக்களில் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். எது நம்முடையது, எது அந்நியம் என்ற கணக்கு ஒரு தலைமுறைக்குள் எப்படி மாறுகிறது பாருங்கள்.

சரி, அந்த மாநாட்டில் என்னதான் நடக்கிறது?

நுழைந்ததும் கழுத்தில் மாட்டும் அட்டை தருகிறார்கள். அதில் நம் பாத்திரத்தின் பெயர் இருக்கும். நான் தேர்ந்தெடுத்தது தெனுக், அதாவது தாபிர். முன்னும் பின்னும் கறுப்பு, நடுவே வெள்ளைப் போர்வை போர்த்தியது போன்ற அந்தக் கூச்ச சுபாவ விலங்கு பகாங் காடுகளில் வாழ்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம், இரவில் சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டுச் சாவதும் உண்டு. ஓநாய்க்கும் நரிக்கும் நடுவே ஒரு தெனுக் இருக்கட்டுமே என்று நினைத்தேன். துணியில் இரண்டு காது தைத்துக்கொண்டேன். தெனுக்குக்கு வால் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அந்த வகையில் செலவு மிச்சம்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது தலை செய்யும் பயிலரங்கு. பஞ்சுப்பாளத்தைச் செதுக்கி மண்டையோட்டு வடிவம் கொண்டுவருகிறார்கள். அதன்மேல் செயற்கை ரோமத் துணி. அந்தத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாதாம். பின்பக்கம் பிளேடால் கீறினால்தான் முன்பக்க ரோமம் துண்டாகாமல் நிற்கும். ரோமம் எந்தத் திசையில் படுகிறது என்று பார்த்து ஒவ்வொரு துண்டையும் வைக்க வேண்டும். தவறினால் கன்னத்து முடி மேல்நோக்கி நிற்கும். கண்ணுக்கு வண்ணம் தீட்டிய வலைத்துணி. வெளியிலிருந்து பார்த்தால் விழி, உள்ளேயிருந்து பார்த்தால் சன்னல். அளவெடுத்தல், வெட்டுதல், தைத்தல், காற்று போக வழிவிடுதல் எல்லாம் அதில் இருக்கிறது. படிவம் மூன்றில் நாங்கள் செய்த வாழ்வியல் பாட வேலைகளைவிட இது கடினம் என்று சத்தியம் செய்வேன்.

உடைக்குள் இருப்பவருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. படி இறங்கத் தடுமாறுவார். ஆகவே கூடவே ஒரு துணையாள் நடப்பார். கையைப் பிடித்து வழிகாட்டுவது, குழந்தைகள் பின்னாலிருந்து இழுக்காமல் பார்த்துக்கொள்வது, "போதும், தண்ணீர் குடி" என்று நினைவூட்டுவது எல்லாம் அவர் வேலை. நம் நாட்டு வெயிலில் அந்த ரோமத்துக்குள் சற்று நேரம் இருந்தாலே குளித்தது போல் நனைந்துவிடுவார்கள். அதற்காகவே மின்விசிறிகள் வைத்த தனி அறை உண்டு. தலையைக் கழற்றி வைத்துவிட்டு இளைப்பாறும் இடம். அங்கே படம் எடுக்கக்கூடாது.

இன்னொரு விதி, கட்டிப்பிடிக்கும் முன் கேட்க வேண்டும். உடையணிந்தவரும் கேட்பார், உடையணியாதவரும் கேட்பார். கையை விரித்துக் காட்டுவார், நாம் தலையாட்டினால்தான் அருகில் வருவார். ஒரு பெண்ணாக, கூட்டம் மொய்க்கும் எத்தனையோ விழாக்களில் முழங்கையை முன்னே நீட்டிக்கொண்டே நடந்து பழகியவள் நான். இங்கே முழங்கையை மடக்கிவிட்டு நடந்தேன். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

மலாய்க்காரர், சீனர், இந்தியர், சரவாக்கிலிருந்து வந்தவர் என்று எல்லாரும் இருந்தார்கள். பிறந்ததிலிருந்து நாம் நிரப்பும் எல்லாப் பாரத்திலும் 'இனம்' என்றொரு கட்டம் இருக்கிறது அல்லவா? அங்கே இருந்தவரை யாரும் அதைக் கேட்கவில்லை. "நீ என்ன விலங்கு?" என்றுதான் கேட்டார்கள். தெனுக் என்றதும், "ஐயோ, குட்டித் தெனுக்குக்குத் தர்பூசணி மாதிரி வரி இருக்குமே!" என்று கத்திய மலாய்ப் பையனோடு அரை மணி நேரம் பேசினேன். எங்கள் ஊரில் அந்த உரையாடலுக்கு ஆள் கிடைக்காது. ஊரைக் குறை சொல்லவில்லை. ஊர் சிறியது, அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். 2014 டிசம்பரில் சிகாகோ அருகே ஒரு ஹோட்டலில் நடந்த ஃபர்ரி மாநாட்டில் யாரோ குளோரின் வாயுவைப் பரவவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் நள்ளிரவுக் குளிரில் வெளியேறினர். 19 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இந்தச் செய்தியை நேரலையில் சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருக்கையை விட்டே எழுந்து போனார். நச்சு வாயுச் செய்திக்கு! பாதிக்கப்பட்டவர்கள் வேறு எந்த மாநாட்டுக்கு வந்தவர்களாக இருந்திருந்தாலும் அந்தச் சிரிப்பு வந்திருக்குமா?

2022இல் இன்னொரு கதை கிளம்பியது. அமெரிக்கப் பள்ளிகளில் பூனையாக நடந்துகொள்ளும் மாணவர்களுக்காகக் கழிப்பறையில் மணல் தட்டு வைக்கிறார்கள் என்று அரசியல்வாதிகளே பேசினார்கள். விசாரித்தால் எந்தப் பள்ளியிலும் அப்படி நடக்கவில்லை. நெப்ராஸ்கா மாநில மன்றத்தில் அதைப் பேசிய உறுப்பினர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் மன்னிப்பு எங்கள் குடும்பப் புலனக் குழு வரை வந்து சேரவில்லை. புரளி மட்டும் வந்தது. தமிழாக்கத்தோடு.

இதற்கிடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் கனடாவின் வன்கூவர் பகுதியில் ஒரு ஹோட்டலில் சிரியப் போர் அகதிக் குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டிருந்தன. அதே ஹோட்டலில், அதே வார இறுதியில், ஃபர்ரி மாநாடு. அகதிகள் மிரண்டுவிடுவார்களோ என்று ஏற்பாட்டாளர்கள் கவலைப்பட்டார்கள். ஆனால் சிரியக் குழந்தைகள் ஓடிவந்து அந்த ரோம விலங்குகளைக் கட்டிக்கொண்டார்கள், கூடவே ஆடினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இது விசித்திரமாகப் படவில்லை.

எல்லாம் பூப்போல இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். வயதுவந்தோருக்கு மட்டுமான படங்களை வரைகிறவர்களும் இந்த உலகில் உண்டு. அதனால்தான் பல மாநாடுகளில் அடையாள அட்டை பார்க்கிறார்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ பொறுப்பாளரோ இல்லாமல் வர முடியாது. இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகள் அந்த வாசலைத் தாண்டக் குறுக்குவழி தேடாதீர்கள். முழு உடை பல ஆயிரம் ரிங்கிட். கடன் வாங்கி வாங்கும் பொருள் அல்ல அது. முக்கியமாக, வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். என் அம்மா சந்தையில் காய்கறி கட்டிக்கொண்டே கேட்டவை மூன்று கேள்விகள்: "எங்க தங்குற, யார் கூட இருப்ப, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?" மூன்றுக்கும் பதில் இருந்தது. போகவிட்டார். வால் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளும் அந்த மூன்றுதான் என்று நினைக்கிறேன். வாலைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தால், பிள்ளை அந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் கிளம்பிவிடும்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கலாம். பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே எதைத் தொட்டாலும் "சான்றிதழ் தருவாங்களா?" என்று கேட்கப் பழகிவிட்டோம். சான்றிதழ் தராத ஒன்றில் ஒரு மாணவர் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு நரித் தலையைச் செதுக்குகிறார் என்றால், அவரிடம் "இதனால் என்ன பயன்" என்று கேட்காமல், "காதை எப்படி நிற்க வைத்தாய்" என்று கேட்டுப் பாருங்கள். நகரத்துப் பிள்ளைக்கு இதைக் கேட்க நாலு நண்பர்களாவது இருப்பார்கள். புளூவேலியிலோ போ தோட்டத்திலோ இருக்கும் பிள்ளைக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

மின்விசிறி அறைக்கு வெளியே, வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சிறுத்தை என் அட்டையைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் எவ்வளவு குளிர் என்று கேட்டது. இரவில் 16 பாகைக்கும் இறங்கும் என்றேன். உடனே இன்னும் இரண்டு ஓநாய்களும் ஒரு பாண்டாவும் வந்து சேர்ந்துகொண்டு, பிரிஞ்சாங்கில் பெரிய மண்டபம் உள்ள ஹோட்டல் எது, வாடகை எவ்வளவு என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டன. தாராளமாக வாருங்கள், பள்ளி விடுமுறையில் மட்டும் வேண்டாம் என்றேன். கியா பார்ம் சாலை நெரிசலில் சிக்கினால், உடையோடு காருக்குள்ளேயே மாநாட்டை முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.