வளர்ந்த பிள்ளைக்கும் சிகிச்சை வேண்டும்

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் தறி ஓடும் வீடுகள் ஏராளம். அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

மகனுக்கு வயது 30. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. தாய்க்கு வயது 60. மகனைக் குளிப்பாட்டுவதும் தூக்கி உட்கார வைப்பதும் அவர்தான். மகனின் முழங்கால் மடங்கியது மடங்கியபடியே இருக்கிறது. நீட்டப் போனால் கையைத் தட்டி விடுகிறான், அலறுகிறான். "முரட்டுப் பிள்ளை" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார்.

அது முரட்டுத்தனம் அல்ல, வலி! எங்கே வலிக்கிறது என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வயதில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். 18 வயது ஆனதும் அந்தக் கதவு சாத்தப்படுகிறது. தசைக்கு வயது தெரியுமா? ஆட்டாமல் விட்டால் இறுகிப் போகும். இறுகிய பிறகு நீட்டுவது பெரும்பாடு.

இவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது தனிக் கலை. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. பொறுமைதான் பாதி மருந்து. முதல் இரண்டு நாள் சிகிச்சையாளர் தொடாமலேயே பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டியிருக்கும். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்: "எழுந்திரு". சொன்னால் மட்டும் போதாது. தானே எழுந்து காட்ட வேண்டும். பத்து முறை கையைத் தூக்கச் சொன்னால் தூக்காதவன், நூல் சிட்டத்தைக் கொடுத்து உயரக் கொடியில் மாட்டச் சொன்னால் மாட்டுவான். அதுவும் பயிற்சிதானே!

எச்சரிக்கையும் வேண்டும். 'டவுன் சின்ட்ரோம்' உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். டாக்டரிடம் காட்டாமல் கழுத்தை வளைப்பது ஆபத்து.

தாய்க்கும் பாடம் உண்டு. முதுகை வளைத்துத் தூக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, மகனை உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால் முதுகு போன தாய்மார்கள் எத்தனையோ பேர்.

சட்டம் குறை வைக்கவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மறுவாழ்வுப் பணி எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது என்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. மத்திய அரசின் 'நிராமயா' காப்பீடு, அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவச் செலவைத் தருவதற்காக ஏற்பட்டது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிச் செல்லும் குழுவில் இயன்முறை சிகிச்சையாளரும் சேர்க்கப்பட்டார். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

பக்கவாதக்காரர் வீட்டுக்குப் போகும் சிகிச்சையாளர், அதே தெருவில் இந்த மகன் இருக்கும் வீட்டுக்கும் போக வேண்டும். அவன் இருப்பதே தெரியாவிட்டால் எப்படிப் போவார்? கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பிள்ளையை உள்ளறையில் வைக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கிராமச் செவிலியர் பக்குவமாகப் பேசிப் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.

1984-ல் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆரைத் தேர்தலில் ஜெயிக்க வைத்த ஊர் ஆண்டிபட்டி. படுத்தவர் எழுந்து வருவார் என்று நம்பிய ஊர். ஒன்றியம் முழுவதும் 18 வயது தாண்டிய இப்பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம். தாய்க்கு இன்னும் தூக்கும் தெம்பு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.