அனுரா கொடுத்த வாக்குறுதி: நடந்தது எது? நிற்பது எது?

கொழும்பு,

2019 அதிபர் தேர்தலில் வெறும் 3 சதவீத ஓட்டு வாங்கியவர் அனுரா குமார திசநாயகே. அதே ஆள் 2024 செப்டம்பர் 21-ந்தேதி நடந்த தேர்தலில் 56 லட்சம் ஓட்டுகளை அள்ளினார். யாருக்கும் 50 சதவீதம் கிடைக்காததால், இலங்கை வரலாற்றிலேயே முதல் முறையாக 2-வது விருப்ப ஓட்டுகளையும் எண்ணி அவரை அதிபராக அறிவித்தார்கள்.

இந்த ஓட்டு சும்மா விழவில்லை. 2022-ல் கஜானா காலியாகி, பெட்ரோலுக்கும் கியாசுக்கும் மைல் கணக்கில் கியூ நின்ற மக்கள் போட்ட ஓட்டு இது. அவர்களிடம் அனுரா சொன்னது என்ன? செய்தது என்ன?

பாதி நடந்தது

மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினாலே வரி பிடித்தார்கள். இதை 2 லட்சமாக உயர்த்துவோம் என்றார் அனுரா. 2025 ஏப்ரலில் உயர்ந்தது 1½ லட்சம் வரைதான்.

கரண்டு பில்லை மூன்றில் ஒரு பங்கு குறைப்போம் என்றும் பிரசாரத்தில் சொன்னார். 2025 ஜனவரியில் வீடுகளுக்கு சராசரி 20 சதவீதம் குறைந்தது. மக்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், ஜூன் மாதம் 15 சதவீதம் ஏறிவிட்டது!

ஏன் இப்படி? சர்வதேச நிதியம் 2023-ல் கொடுத்த சுமார் 300 கோடி டாலர் கடன் திட்டம்தான் காரணம். வட்டியைக் கழித்துப் பார்த்தால், செலவை விட வருமானம் மிஞ்ச வேண்டும் என்பது அதன் கண்டிப்பு. கரண்டையும் அடக்க விலைக்கு குறைத்து விற்கக் கூடாது. இந்த நிபந்தனைகளை திருத்தச் சொல்வோம் என்றுதான் ஓட்டு கேட்டார். ஜெயித்த பிறகு அதே பாதையில்தான் போனார்.

மலையகத்தில்...

தேயிலை தோட்டத்தில் வேலை பார்க்கும் மலையகத் தமிழர்களுக்கு நியாயமான சம்பளம், வீடு, நிலம் தருவோம் என்றது அவரது தேசிய மக்கள் சக்தி. அப்படியும் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டம் சஜித் பிரேமதாசாவுக்குத்தான் அதிக ஓட்டு போட்டது.

1,350 ரூபாயாக இருந்த நாள் சம்பளத்தில் கம்பெனிகள் 200 ரூபாய் கூட்டித் தர, வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபாய் சேர்த்துத் தர, 2026 ஜனவரி முதல் 1,750 ரூபாய் என்று பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இதில் பாதி உயர்வு அரசுப் பணம். நாளைக்கு அரசு கையை விரித்தால் தொழிலாளி கதி என்ன என்பதுதான் கேள்வி.

சட்டென்று நடந்தது

முன்னாள் அதிபர்களுக்கான சலுகைகளை பறிக்கும் சட்டம் 2025 செப்டம்பரில் வந்தது. கொழும்பில் அரசு பங்களாவில் இருந்த மகிந்த ராஜபக்சே உடனே காலி செய்தார். ஜனங்களிடம் இதற்கு பலத்த வரவேற்பு.

காசே தேவையில்லையே?

அதிபரின் வானளாவிய அதிகாரத்தை ஒழிப்போம், பயங்கரவாத தடைச் சட்டத்தை தூக்குவோம், ஒரு வருடத்துக்குள் மாகாண சபை தேர்தல் வைப்போம். இவையும் அவர் சொன்னவைதான். 2025 முடியும் வரை மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை. விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில் அடைத்து வைக்க வழி செய்யும் அந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டவர்கள் தமிழர்களும் முஸ்லிம்களும்தான்.

வரிக்கும் கரண்டுக்கும் கடன்காரனை காட்டலாம். இந்த மூன்றையும் சர்வதேச நிதியமா தடுத்தது? அதிபர் பதவியை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். மற்ற இரண்டுக்கும் பாராளுமன்றம் போதும். அங்கே மூன்றில் இரண்டு பங்குக்கு 150 இடம் வேண்டும். 2024 நவம்பரில் இவர்கள் ஜெயித்தது 159!

அதிகாரம் இல்லாதபோது அதை ஒழிப்பேன் என்று சொல்வது சுலபம். கையில் வந்த பிறகு விடுவதுதான் கஷ்டம். அனுராவின் பதவிக்காலம் 2029 வரை இருக்கிறது. அடுத்து ஓட்டு கேட்டு வரும்போது கரண்டு பில்லோடு இந்தக் கணக்கையும் மக்கள் கேட்பார்கள்.