ஆள் தேடும் கம்பனிகள் மாவனல்லையில் இறங்கட்டும்

தகவல் தொழில்நுட்ப ஏற்றுமதியால் ஆண்டுக்கு 500 கோடி டொலர் வருமானம். அந்தத் துறையில் இரண்டு இலட்சம் பேருக்கு வேலை. இந்த இரண்டு எண்களையும் நாடு இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறது என்றில்லை. மென்பொருள் நிறுவனங்களின் அமைப்பான ஸ்லாஸ்கொம் 2022ஆம் ஆண்டுக்கு முன்வைத்த இலக்கும் இதுவே. 2022 வந்தபோது நாடு எரிபொருள் வரிசையில் நின்றது. 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி அதே இரண்டு எண்களையும் மீண்டும் வாக்குறுதியாகத் தந்து ஆட்சிக்கு வந்திருக்கிறது.

இலக்கு எட்டாமல் போனதற்கு வரி, இணைய வேகம், முதலீடு, அரசியல் குழப்பம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. 2023 ஜனவரியில் மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல் சம்பளம் பெற்றவர்கள் எல்லோரும் வருமான வரிக்குள் வந்தார்கள். உச்ச வீதம் 36 சதவீதமானது. மென்பொருள் பொறியியலாளர்கள் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறினார்கள். ஆனால் யாரும் அதிகம் பேசாத இன்னொரு காரணம் உண்டு. நமது நிறுவனங்கள் ஆட்களை எங்கே தேடுகின்றன, எப்படித் தேர்ந்தெடுக்கின்றன, எப்படித் தக்கவைக்கின்றன என்பதே அது. இந்த மூன்றையும் தீர்மானிக்கும் நாற்காலி மனிதவளத் தலைவருடையது. அந்த நாற்காலியில் இருப்பவர் கொழும்பைத் தாண்டி வராதவரை 500 கோடி டொலர் என்பது மேடைப் பேச்சாகவே இருக்கும் என்பது எமது நிலைப்பாடு.

மனிதவளப் பிரிவு என்றவுடன் விடுமுறைக் கடிதமும் சம்பளப் பட்டியலும் புதுவருட விருந்தும் நினைவுக்கு வருவது இங்குள்ள வழக்கம். உலகின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. மைக்ரோசொஃப்டில் பல ஆண்டுகளாக ஒரு தரப்படுத்தல் முறை இருந்தது. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் சிறந்தவர், இத்தனை பேர் மோசமானவர் என்று மேலாளர் பிரித்தே ஆக வேண்டும். குழுவில் எல்லோரும் நன்றாக உழைத்திருந்தாலும் யாரோ ஒருவர் கடைசியில் நிற்க வேண்டும். விளைவு, கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரரோடு ஒரே குழுவில் வேலை செய்யத் தயங்கினார்கள். சக ஊழியருக்கு உதவுவது தன் காலில் தானே வெட்டிக்கொள்வதாயிற்று. 2013 நவம்பரில் அந்த முறை கைவிடப்பட்டது. 2014 பெப்ரவரியில் சத்யா நாதெல்லா தலைமை நிறைவேற்று அதிகாரியானார். அதே ஆண்டின் பிற்பகுதியில் கெத்லீன் ஹோகன் மனிதவளத் தலைவரானார். எல்லாம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்வதைவிடக் கற்றுக்கொள்பவராக இருப்பதே மேல் என்ற பண்பை நிறுவனம் முழுவதும் பரப்புவது அவருடைய பொறுப்பாயிற்று. நாதெல்லா பதவியேற்றபோது ஏறத்தாழ 30,000 கோடி டொலராக இருந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு, 2021இல் இரண்டு இலட்சம் கோடி டொலரைத் தாண்டியது. மேகக் கணிமைச் சேவைக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் கீழே தள்ளும் பொறியியலாளர்களை வைத்துக்கொண்டு அந்தச் சேவையைக் கட்டியிருக்க முடியாது.

நல்ல மேலாளர் யார் என்று கூகுள் தன் சொந்த ஊழியர்களின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தது. ஒக்சிஜன் திட்டம் என்று அதற்குப் பெயர். கிடைத்த எட்டுப் பண்புகளில் தொழில்நுட்ப அறிவு கடைசி இடத்தில் இருந்தது. முதலிடத்தில் இருந்தது கீழே உள்ளவரை வளர்த்தெடுக்கும் குணம்.

இந்த அறிவு நமக்கும் புதிதில்லை. மனிதவள மென்பொருளையே ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் விற்கும் நிறுவனம் இலங்கையில் இருக்கிறது. ஹெச்செனிட் பிஸ்னஸ் சொலுஷன்ஸ் 2021இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலானது. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் கூட்டாளிகளும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை 2024இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.டி. வாங்க முன்வந்தது. மாலபேயில் வளர்ந்த மிலேனியம் ஐடி நிறுவனத்தை 2009இலேயே இலண்டன் பங்குச் சந்தை வாங்கிவிட்டது. மூளைக்குப் பஞ்சமில்லை. அந்த மூளையை ஒரே குளத்தில் வலை வீசிப் பிடிக்கிறார்கள் என்பதே குறை. மொரட்டுவை, கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களும் கொழும்பின் சில தனியார் கல்வி நிறுவனங்களும்தான் அந்தக் குளம். வரி கூடியதும் மீன்கள் கடல் கடந்து போயின. குளம் வற்றியது.

இங்கேதான் மாவனல்லையைப் பற்றிப் பேச வேண்டும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றரில், கண்டி வீதியின் மேலேயே இருக்கும் ஊர் இது. மஹா ஓயாவின் மீது 1830களில் கட்டிய செங்கல் பாலத்தின் மேல் இன்றும் வாகனங்கள் ஓடுகின்றன. ஸாஹிரா கல்லூரி, பதுரியா மத்திய கல்லூரி போன்ற தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் இங்கே இருக்கின்றன. அரநாயக்க, புளத்கொஹுபிட்டிய, ருவன்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை என்று கேகாலை மாவட்டம் முழுவதும் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழராகிய நம்மவர் வாழ்கிறார்கள். சப்ரகமுவையின் மறுபக்கம் இரத்தினபுரி. நுவரெலியாவையும் பதுளையையும் பற்றிப் பேசுபவர்கள்கூட இந்தத் தோட்டங்களை மறந்துவிடுகிறார்கள். மலையகம் என்றால் குளிரும் கொழுந்துக் கூடையும் என்று எண்ணுபவர்களுக்கு, விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போகும் கேகாலைத் தாய் கண்ணில் படுவதில்லை.

அந்த மறதி பல்கலைக்கழக அனுமதியிலும் இருக்கிறது. இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டக் கோட்டாவிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பதினாறில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி உண்டு. கேகாலை இல்லை. ஆகவே கணித ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளை, கேகாலை நகரத்தின் வசதியான பாடசாலைகளில் படித்தவர்களோடு ஒரே பட்டியலில் போட்டியிட வேண்டும். தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிக்க இந்த மாவட்டத்தில் உள்ள வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலான பிள்ளைகள் கலைப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறார்கள். பிறகு கொழும்பில் புடவைக் கடை, சாப்பாட்டுக் கடை, ஆடைத் தொழிற்சாலை. பட்டதாரி வேண்டும் என்று கேட்கும் மனிதவளப் பிரிவு, தான் ஒரு தகுதியைக் கேட்பதாகத்தான் நினைக்கிறது. உண்மையில் அது ஒரு மாவட்டத்தையே வடிகட்டிவிடுகிறது. நேர்முகப் பரீட்சையில் எந்தப் பாடசாலை, என்ன விளையாட்டு, எந்தச் சங்கத்தில் பதவி என்று கேட்கும்போது மிச்சமும் வடிந்துவிடுகிறது.

ஆட்சேர்ப்பின் வலிமையை மலையக மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. நம் முன்னோரை இங்கே கொண்டுவந்ததே அந்த வேலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் இறப்பருக்கும், கங்காணிகள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று கிராமம் கிராமமாகப் போனார்கள். முற்பணம் கொடுத்தார்கள், குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். வந்தவர்கள் கடனோடு வந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் கடனைக் குறிக்கும் துண்டு தேவைப்பட்டது. கடன் தீராமல் கால் நகராது. 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. இலண்டனில் பங்கு விற்ற தோட்டக் கம்பனிகளின் வளர்ச்சி இந்த ஆட்சேர்ப்பின் மீதே நின்றது. ஆள் எடுக்கும் முறை ஒன்று ஒரு சமூகத்தின் இரு நூற்றாண்டு வாழ்வைத் தீர்மானித்ததற்கு நாமே சாட்சி. ரயிலும் தார் வீதியும் இல்லாத காலத்தில் கடல் தாண்டிப் போய்க் கூலிக்கு ஆள் தேட முடிந்தது. இன்று கணினிக்கு ஆள் தேடுபவர்களுக்கு, இரண்டரை மூன்று மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் மாவனல்லை எப்படித் தூரமாயிற்று?

வேறு வழி உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் 1996இல் தொடங்கிய ஜோஹோ, 2000களின் நடுப்பகுதியில் பட்டம் இல்லாத ஆறு மாணவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம் என்று இரண்டு ஆண்டுப் பயிற்சி. முடித்தவர்களுக்கு அங்கேயே வேலை. 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்தார்கள். வேம்பு பின்னர் மத்தளம்பாறை கிராமத்துக்கே குடிபோனார். குற்றால மலையடிவாரத்து இளைஞர்கள் இன்று உலகம் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுகிறார்கள். ஐ.பி.எம். நிறுவனமும் அமெரிக்காவில் தன் வேலைகளில் ஏறத்தாழ பாதிக்குப் பட்ட நிபந்தனையை நீக்கியது. தர்மத்துக்காக இவர்கள் இதைச் செய்யவில்லை. போட்டியாளர் தேடாத இடத்தில் தேடினால் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள், கிடைத்தவர்கள் நிலைத்திருப்பார்கள் என்ற வியாபாரக் கணக்குதான். ஆள் விலகும் ஒவ்வொரு தடவையும் புதியவரைத் தேடிப் பழக்க ஆகும் செலவை நமது மனிதவளத் தலைவர்கள் 2022க்குப் பிறகு நன்றாகவே அறிந்திருப்பார்கள்.

ஆங்கிலம் வராதே என்பார்கள். வராதுதான், இன்று வராது. இரண்டு ஆண்டு நாள்தோறும் பழக்கினால் வரும். வாடிக்கையாளரோடு பேசுபவர்கள் ஒரு நிறுவனத்தில் சிலர்தான். நிரல் எழுதுபவர்களும் பிழை பார்ப்பவர்களுமே பலர். பெண் பிள்ளைகளைக் கொழும்பில் தனியாக விடப் பெற்றோர் அஞ்சுகிறார்கள் என்பதும் உண்மை. அந்த அச்சத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் பயிலுநரின் கொடுப்பனவை விழுங்கிவிடும் என்பதும் அந்த அச்சத்தோடு சேர்ந்ததே. ஆகவேதான் பிள்ளையைக் கொழும்புக்கு அழைக்காமல் வேலையை இங்கே கொண்டு வாருங்கள் என்கிறோம். கொவிட் காலத்திலும், எரிபொருள் இல்லாத 2022இலும் இந்த நிறுவனங்கள் வீட்டிலிருந்தே உலகத்துக்கு வேலை செய்து காட்டின. அப்போது நடந்தது இப்போது நடக்காது என்று சொல்ல முடியாது.

நாம் கேட்பது தெளிவானது. மாவனல்லையில் ஒரு பயிற்சி அலுவலகம் வேண்டும். அரநாயக்க, ரம்புக்கனை, கேகாலைப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்தவர்களுக்கும் இரத்தினபுரியிலிருந்து வருபவர்களுக்கும் அவிசாவளையே வசதி, அங்கே இரண்டாவது. உயர்தரம் எழுதிய எந்தப் பிரிவு மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்று இருக்க வேண்டும். தெரிவுப் பரீட்சை தமிழில் நடக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் தோட்டத்து நாட்சம்பளத்துக்குக் குறையாத கொடுப்பனவு கிடைக்க வேண்டும். 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் இருந்த அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு பிள்ளை படிக்க வருவதென்றால், அது குடும்பத்தின் உலையில் தெரியும். முக்கியமாக, பயிற்சி முடித்தவரை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடும் பிணைப் பத்திரம் எதுவும் கூடாது. துண்டு இன்னொரு வடிவில் திரும்பி வருவதை இந்தச் சமூகம் ஏற்காது.

பெருந்தோட்டங்களை வைத்திருக்கும் குழுமங்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. எட்டியாந்தோட்டைப் பகுதியில் தோட்டங்களை நடத்தும் களனிவெலி பெருந்தோட்டக் கம்பனி ஹேலீஸ் குழுமத்துக்குரியது. அதே குழுமத்தில் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சேவை வழங்கும் பிரிவும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளையின் பெயர், வயது, படிப்பு எல்லாம் தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். ஒரே குழுமத்தின் இரண்டு மனிதவள அதிகாரிகள் ஒரு மேசையில் உட்கார்ந்தாலே முதல் ஐம்பது பேரைக் கண்டுபிடித்துவிடலாம்.

தொழிற்சங்கங்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும். நாட்சம்பளப் போராட்டம் தேவையானது. அதை நாம் என்றும் ஆதரித்தே வந்திருக்கிறோம். ஆனால் லயத்தில் வளரும் பிள்ளை பால்வெட்டவும் கொழுந்து பறிக்கவும் போகப் போவதில்லை என்பதைத் தலைவர்கள் அறிவார்கள். அந்தப் பிள்ளைக்காகக் கொழும்பு நிறுவனங்களின் கதவைத் தட்டும் ஒரு பிரதிநிதியைக்கூட எந்தச் சங்கமும் அனுப்பியதாக நாம் கேள்விப்படவில்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியவை இரண்டு. முதலீட்டுச் சபையின் சலுகைகளைப் பெறும் ஒவ்வொரு தொழில்நுட்ப நிறுவனமும் அந்த ஆண்டு எந்த மாவட்டங்களிலிருந்து, எந்த மொழி மூலம் படித்த எத்தனை பேரைச் சேர்த்தது என்பதை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே கொண்டுவர வேண்டும். அந்த அறிக்கையில் நிறுவனத்தின் மனிதவளத் தலைவர் தன் பெயரில் கையெழுத்திட வேண்டும். இரண்டாவதாக, பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலை மீளாய்வு செய்து, மாவட்டம் முழுவதற்கும் முடியாவிட்டால் கேகாலையின் தோட்டப் பாடசாலைகளுக்காவது தனி இடம் ஒதுக்க வேண்டும். கல்வி அமைச்சு இதற்கான காலவரையறையை இந்த ஆண்டுக்குள் அறிவிக்க வேண்டும்.