பிளேட்லட் எண்ணும் பௌதிகவியல் பாடமும்



2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவிப் பாடசாலைகளையே சில நாள் மூடினார்களே, அப்போது நம் உம்மாமார் வாயிலும் ஒரு சொல் ஏறியது: பிளேட்லட். "இன்டைக்கு எத்தன?" என்பதுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. ஒரு பக்கம் பப்பாளி இலைச் சாறு, மறுபக்கம் அந்த எண். எண் எப்படி வருகிறது என்று கேட்டவரை நான் காணவில்லை.

பெரும்பாலும் அது மின்சாரம் சொல்லும் எண். உப்புக் கரைசலில் ஐதாக்கிய இரத்தத்தை மிக நுண்ணிய துளையால் விடுவார்கள். ஒவ்வொரு கலமும் கடக்கும்போது மின்தடை ஒரு கணம் கூடும். பெரிய துள்ளல் செங்குழியம், சிறிய துள்ளல் பிளேட்லட். வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற முறை.

எண்ணுவது மட்டுமல்ல, பிரிக்கவும் முடியும். தலைவாரிய சீப்பு கடதாசித் துண்டை இழுக்கும். கடதாசியில் ஏற்றம் இல்லை. ஆனாலும் சீப்புக்குக் கிட்ட மின்புலம் கூட, தள்ளிப்போகக் குறைவு, அதனால் இழுபடுகிறது. இதையே தலைமயிரளவு கால்வாயில் ஆடலோட்டத்தால் செய்தால், கலங்கள் இழுபடும் அல்லது தள்ளுப்படும். ஹேர்பர்ட் போல் 1951இல் வைத்த பெயர் டைஎலெக்ட்ரோபோரெசிஸ். (வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை.)

மலேரியா ஒட்டுண்ணி புகுந்த செங்குழியத்தின் மென்சவ்வு ஒழுகும். உப்புக் குறைந்த கரைசலில் வைத்தால் உள்ளேயுள்ள அயன்கள் வெளியேறிவிடும். பிறகு மின்புலத்தில் நல்ல குழியங்கள் மின்வாயோரம் பிடிபட்டு நிற்க, நோயுற்றவை விலகிப் போகும். அமெரிக்காவில் பீட்டர் கஸ்கோயின் குழு 2002இல் இதைச் செய்து காட்டியது. அன்றாடப் பரிசோதனையாக இன்னும் வரவில்லை. ஆனால் 2016 செப்டெம்பர் 5இல் மலேரியா அற்ற நாடு என்று சான்று பெற்ற நமக்கு இது ஆடம்பரம் அல்ல. நம்முடையது துறைமுக ஊர். வெளிநாட்டிலிருந்து ஒருவர் நோயோடு வந்தால் நுணுக்குக்காட்டியில் தேட வேண்டும். நோய் அரிதான இடத்தில் தேடும் கண்ணுக்குப் பழக்கமும் அரிது.

உயர்தரத்தில் பயோ எடுத்த பிள்ளை "பௌதிகம் பாஸ் பண்ணினாப் போதும் சேர்" என்கிறது. பெற்றோரும் டியூஷன் காசை உயிரியலுக்கே கொட்டுகிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களிலும் பலர் கொள்ளளவி என்றால் இரண்டு தகட்டை வரைந்து முடிக்கிறோம். கலமென்சவ்வும் ஒரு கொள்ளளவிதான் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கும் சகோதரர்களுக்கு: அடுத்த நுழைவாயில் வளைவுக்குக் காசு சேர்க்க முன், ஆய்வுகூட அலுமாரியை ஒருதரம் திறந்து பாருங்கள்.